கொல்லிமலையில் சுடுதண்ணீர் தருகிறவர்களுக்கு

செம்மேட்டிலிருந்து சோளக்காடு வரைக்கும், வாசலூர்பட்டிப் பக்கமும் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமும் காட்டேஜ், லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்திவரும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், அவர்களுக்கு வயரிங் செய்துகொடுக்கும் தம்பிகளுக்கும் இந்தக் கடிதம்.

ரூம் கேட்டு போன் செய்கிறவர்கள் வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்பது "சுடுதண்ணி வருமாங்க?" என்பதைத்தான். காரவள்ளியில் வேர்த்து விறுவிறுத்து வண்டி ஏறுகிறவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே வந்ததும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைத் தண்ணீரில் கை வைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விறகு அடுப்பும் செப்புக் கொப்பரையும் இருந்த இடத்தில் இன்றைக்கு ரூமுக்கு ஒரு கீசர் மாட்டியிருக்கிறீர்கள். சிலர் பெரிய இரும்பு டிரம்மில் மூன்று கிலோவாட் காயில் இறக்கி, அதிலிருந்து நாலைந்து ரூமுக்குக் குழாய் இழுத்திருக்கிறீர்கள். கையில் காசு குறைவானவர்கள் வாளியில் ஹீட்டர் ராடு தொங்கவிட்டுச் சமாளிக்கிறீர்கள். இவற்றில் எதையும் குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அந்தத் தண்ணீரில் நிற்கிற உடம்புக்கும் உங்கள் மெயின் போர்டுக்கும் நடுவில் ஒரு கருவி இருக்கிறதா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கருவிக்குப் பெயர் ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். கடையில் '30 மில்லி ஆம்பியர்' என்று சேர்த்துக் கேட்டால்தான் சரியானதை எடுத்துக் கொடுப்பார்கள்.

"எம்.சி.பி. போட்டிருக்கோம், எர்த் குழியும் இருக்கு, அது போதாதா?" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கீழே வண்டல் மண்ணில் வீடு கட்டியவர்கள் கேட்டால்கூட இதற்குப் போதாது என்பதுதான் பதில். கொல்லிமலையில் பதில் இன்னும் கடுமையானது. காரணம் நம் காலுக்கடியில் இருக்கிற பாறை.

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் அங்கே எர்த் செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டு எர்த் இங்கே உங்கள் குழியில் முடிகிறது. கீசருக்குள் பேஸ் ஒழுகி அதன் உடம்பைத் தொட்டால், அந்தக் கரண்ட் எர்த் ஒயர் வழியாகக் குழிக்கு இறங்கி, மண் வழியாகவே ட்ரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். மண் ஈரமாக, ஆழமாக இருந்தால் அது ஓரளவுக்கு நல்ல வழி. நம் மலையில் பல இடங்களில் மூன்றடி தோண்டினால் கடப்பாரை பாறையில் மோதுகிறது. எர்த் குழாய் இரண்டரை மீட்டர் நீளமாவது இறங்க வேண்டும் என்பது முறை. பாதிப் பைப்பை அறுத்துவிட்டு, மிச்சத்தைப் புதைத்து, உப்பும் கரியும் கொட்டி மூடிய குழிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட குழியின் தடை 60 ஓம் என்று வையுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் 5 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை 65-ஆல் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். கீசருக்கு நீங்கள் போட்டிருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. மூன்றரை ஆம்பியருக்கு அது அசையவே அசையாது. நாள் முழுக்க, வாரம் முழுக்க அந்தக் கரண்ட் மண்ணில் ஓடிக்கொண்டே இருக்கும். கீசரின் உடம்பில் அத்தனை நேரமும் ஏறக்குறைய 212 வோல்ட் நிற்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. அந்த எர்த் ஒயர் ஒரு கீசருக்கு மட்டும் போகவில்லை. எல்லா ரூமுக்கும், சமையலறை ஃபிரிட்ஜுக்கும், மிக்ஸிக்கும், வெளியே இருக்கும் மோட்டாருக்கும் அதே ஒயர்தான். மூன்றாம் நம்பர் ரூம் கீசரில் கோளாறு வந்தால், அந்த 212 வோல்ட் எர்த் ஒயர் வழியாகவே முதல் ரூம் கீசரின் உடம்புக்கும் ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கும் வந்து சேருகிறது. கோளாறு உள்ள ரூம் பூட்டியே கிடக்கும். ஷாக் அடிப்பது வேறு யாருக்கோ. "நல்லாத்தானே இருந்துச்சு, இந்தக் கீசர் புதுசுதானே" என்று சொல்லிக்கொண்டு புதுக் கீசரைக் கழற்றிப் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் இருக்காது. எர்த் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியை நான் சந்தேகப்படுவதற்கு இதுதான் காரணம். குழி சரியில்லாத இடத்தில், மற்றக் காவல் எதுவும் இல்லாத எர்த் ஒயர் ஒரு ரூம் ஆபத்தை எல்லா ரூமுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது.

இப்போது அதே வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் என்ன நடக்கும்? கல்லாப்பெட்டிக் கணக்குப் பார்ப்பது போல, பேஸ் வழியாக வெளியே போன கரண்டும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்த கரண்டும் சரியாக இருக்கிறதா என்று அது ஒவ்வொரு கணமும் பார்க்கிறது. உள்ளே ஒரு இரும்பு வளையம். இரண்டு ஒயரும் அதன் நடுவே போகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருக்கும்வரை வளையத்தில் காந்தம் எழாது. குறைந்து வந்தால், குறைந்த பங்கு வேறெங்கோ போகிறது என்று அர்த்தம்: கீசர் உடம்புக்கோ, ஈரச் சுவருக்கோ, மனிதக் கைக்கோ. அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் அது இறங்கிவிட வேண்டும் என்பது தரவிதி. மூன்றரை ஆம்பியர் என்பது அதற்கு நூறு மடங்குக்கு மேல். கண்ணிமைக்கும் நேரத்தில் சப்ளை போய்விடும். பாறை மேல் இருக்கும் மோசமான குழிகூட அதற்குப் போதும். உடம்புக்கு ஆபத்தில்லாத எல்லையாக 50 வோல்ட்டை எடுத்துக்கொண்டால், குழியின் தடை ஆயிரத்து அறுநூறு ஓம் வரை போனாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தன் வேலையைச் செய்யும். குழியை ஏனோதானோவென்று போடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு குழி போதவில்லை என்றால், இடம் விட்டு இரண்டு மூன்று குழி போட்டு இணைக்கத்தான் வேண்டும். ஆனால் மலைக்காரனுக்கு எம்.சி.பி. தராத காவலை இந்தச் சின்னப் பெட்டி தருகிறது.

முப்பது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வதும் நல்லது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற மின் பொறியியல் பேராசிரியர் இருந்தார். கரண்ட் பாயும் கம்பியைப் பிடித்த கை எந்த அளவு வரை தானாக விட முடிகிறது என்பதை, முன்வந்த ஆட்களை வைத்தே அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேலே போனால் தசை இறுகி, பிடித்த கை விடாது. இன்னும் மேலே போய் நேரமும் நீண்டால் இதயம் தன் தாளத்தை இழந்து துடிக்கத் தொடங்கும்; அது தானாகத் திரும்புவதில்லை. நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிட்டால், 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். அந்த அளவு கசிந்தால் ஆர்.சி.சி.பி. நாற்பது மில்லி விநாடிக்குள் இறங்க வேண்டும். இதயம் ஒரு முறை துடிக்க எடுக்கும் நேரத்தில் இருபதில் ஒரு பங்கு அது. ஷாக் தெரியும், ஆள் கத்துவார், ஆனால் பிழைத்துக்கொள்வார். டால்சியல் 1961-இல் தன் நாட்டு மின் அமைப்புக்கு ஏற்ற கருவியை வடிவமைத்தார். அங்கே 5 மில்லி ஆம்பியருக்கே அது இறங்கிவிடும்.

அந்த நாட்டுப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டு வெளியில் சுடுநீர்த் தொட்டி வைத்துக் குளிப்பவர்களுக்காக அங்கே ஒரு தனிப் பெட்டி விற்கிறது. உள்ளே கசிவு பிரேக்கர் ஒன்று, பெரும்பாலும் 50 ஆம்பியருக்கு. வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஆட்கள், ஐந்தரை கிலோவாட் காயில் வைத்த பாத்திரத்துக்காக, அதே பெட்டியை வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள். வீட்டில் பீர் காய்ச்ச அங்கே 1978-இல் சட்டமே வழிவிட்டது. இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை; 1937 அக்டோபரில் மதுவிலக்கு முதன்முதலாக வந்ததே அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். ஆனால் பாத்திரத்தில் என்ன கொதிக்கிறது என்பதை விடுங்கள். தண்ணீரும் காயிலும் மனிதக் கையும் ஒரே இடத்தில் சேரும் எந்த வேலைக்கும் அந்த ஏற்பாடு பொருந்தும். காயிலுக்கென்று தனி லைன், தனிப் பெட்டி, அதற்குள் கசிவு பிரேக்கர். பெட்டி தொட்டியிலிருந்து ஐந்தடியாவது தள்ளி இருக்க வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. டிரம்மில் காயில் இறக்கியிருக்கிற நீங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டிரம்மைத் தொட்டுக்கொண்டே சுவிட்ச் போடுகிற மாதிரி சுவரில் அடித்து வைத்திருக்கும் போர்டுகளை முதலில் இடம் மாற்றுங்கள்.

இனி வயரிங் தம்பிகளோடு பேச வேண்டும்.

ஒரு விடுதியில் டி.பி. பாக்ஸைத் திறந்தபோது ஆர்.சி.சி.பி. அழகாக வீற்றிருந்தது. டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், டக் என்று இறங்கியது. ஆனால் ரூமில் லைட் அணையவில்லை. கவரைக் கழற்றிப் பார்த்தால், மேலே வரும் பேஸுக்கும் கீழே போகும் பேஸுக்கும் இடையே சிவப்பு ஒயர் ஒன்று பாலம் போட்டிருந்தது. நியூட்ரலுக்கும் அதே மாதிரி கறுப்பு ஒயர். ஒயர் முனைகளை நன்றாக முறுக்கி, ஸ்க்ரூவை இறுக்கி, வேலை சுத்தமாகச் செய்திருந்தார்கள். "அடிக்கடி ட்ரிப் ஆச்சுங்க, கெஸ்ட் சண்டை போட்டாங்க, அதான் டைரக்ட் பண்ணிட்டாரு" என்றார் விடுதிக்காரர். அந்தத் தம்பியை நான் திட்டவில்லை. ட்ரிப் ஆவதன் காரணத்தை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வீட்டில் காரணம் நியூட்ரல். நான் போய்ப் பார்க்கிற இடங்களில் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கிறது. டி.பி.யில் ஒரே ஒரு நியூட்ரல் லிங்க் இருந்தது. ஆர்.சி.சி.பி. வழியாகப் போகிற சர்க்யூட்டின் நியூட்ரலும், அதன் வழியாகப் போகாத சர்க்யூட்டின் நியூட்ரலும் ஒரே லிங்க்கில் கலந்திருந்தன. பாத்ரூம் லைட்டுக்குப் பேஸ் ஒரு சர்க்யூட், நியூட்ரல் பக்கத்தில் கிடைத்த இன்னொரு சர்க்யூட். இப்படி இருந்தால் போகிற கணக்கும் வருகிற கணக்கும் ஒருபோதும் சேராது. லைட் போட்ட உடனே இறங்கும். கருவி மேல் குற்றமில்லை. ஆர்.சி.சி.பி.யிலிருந்து வெளிவரும் நியூட்ரலுக்குத் தனி லிங்க் வையுங்கள். அதைத் தாண்டிய ஒரு நியூட்ரல்கூட மற்ற நியூட்ரலைத் தொடக் கூடாது. இன்வெர்ட்டர் லைனுக்கும் இதே விதி. பழைய வயரிங்கில் இதைப் பிரித்தெடுக்க ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாள் கூலியை விடுதிக்காரர்கள் மனமுவந்து கொடுங்கள்.

அடுத்தது, மூன்று பின் சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் லூப் போடும் பழக்கம். எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டோ, குழி சரியில்லை என்றோ செய்கிறார்கள். காற்று மழையில் மரக்கிளை விழுந்து லைன் அறுவது இந்த மலையில் புதிதல்ல. நியூட்ரல் மட்டும் அறுந்து பேஸ் நின்றுவிட்டால், லூப் போட்ட வீட்டில் கீசர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் முழு வோல்ட்டேஜ் வந்து உட்காரும். ஆர்.சி.சி.பி. வைத்த வீட்டில் அந்த லூப் இருந்தால் அது நிற்கவே நிற்காது, ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். அப்போது கழற்ற வேண்டியது லூப்பை.

மூன்றாவது காரணம் சீசன் இல்லாத மாதங்கள். கீசர் காயிலின் உலோகக் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி வெள்ளைத் தூள் அடைத்திருக்கும். மக்னீசியம் ஆக்சைடு அது. முனையில் சீல் தளர்ந்திருந்தால் காற்றில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். மலை மூட்டத்தில் இரண்டு மாதம் பூட்டிக்கிடந்த ரூமில் கீசரைப் போட்ட முதல் நிமிடத்தில் ட்ரிப் ஆவது இதனால்தான் இருக்கும். மெக்கர் வைத்துப் பாருங்கள். குறைந்தது ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டும். எட்டாயிரம் ஓமுக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தக் கசிவே முப்பது மில்லி ஆம்பியர். போர்வெல் தண்ணீர் ஓடும் கீசர்களில் வேறொரு கதை. காயிலைக் கழற்றினால் மேலே சுண்ணாம்புப் படிவம் விரல் கனத்துக்கு அப்பியிருக்கும். அதைத் தட்டி எடுத்தால் கீழே உலோகத்தில் முடி போல ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு வழியாகத்தான் தண்ணீரும் கரண்டும் சந்திக்கின்றன. அந்தக் காயிலை மறுபடி மாட்டாதீர்கள். புதுக் காயில் விலை, ஒரு நாள் ரூம் வாடகைக்குள் முடிந்துவிடும்.

ஆர்.சி.சி.பி. செய்யாத வேலையையும் சொல்லிவிட வேண்டும். ஓவர்லோடை அது கவனிக்காது, ஷார்ட் சர்க்யூட்டையும் கவனிக்காது, அதற்கு எம்.சி.பி. கூடவே வேண்டும். மூன்று கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். தரமான இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்குக் கீழே இறங்காதீர்கள். நாலரை கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் இருபது ஆம்பியர், ஒயர் நான்கு சதுர மில்லிமீட்டர். ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போனதும் வந்ததும் சமமாக இருப்பதால் ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியாது. நியூட்ரல் எர்த் செய்யாமல் ஓடும் சின்ன ஜெனரேட்டரில் கசிவு திரும்பி வர வழியே இல்லை. அங்கேயும் அது கைவிரிக்கும். கீசர் லைனை ஜெனரேட்டரில் சேர்க்காமல் விடுவதே நல்லது. கரண்ட் போன நேரத்தில் சுடுதண்ணீர் இல்லை என்று கெஸ்ட்டிடம் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

சாயங்காலம் வோல்ட்டேஜ் இறங்கும் ஊர்களில் "மூணு கிலோவாட் சூடேற மாட்டேங்குது" என்று பெரிய காயில் மாட்டுகிறார்கள். 180 வோல்ட்டில் மூன்று கிலோவாட் காயில் ஏறக்குறைய 1,840 வாட்தான் தரும். வோல்ட்டேஜின் வர்க்கத்தில் அது குறைகிறது. அதற்காகப் பெரிய காயில் போட்டால், நடுராத்திரி வோல்ட்டேஜ் ஏறும்போது பழைய ஒயர் உருகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகளும், அதன் திருத்தமும், அதற்குப் பதிலாக 2023-இல் வந்த விதிமுறைகளும் கசிவுக் காவலைக் கேட்கின்றன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. வீட்டு இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் என்றும் மற்றவற்றுக்கு அதற்கு மேலும் அனுமதி உண்டு என்றும் காகிதத்தில் பார்த்துவிட்டு, "நம்மது கமர்ஷியல் சர்வீஸ், நூறு போதும்" என்று சிலர் சொல்கிறார்கள். மெயினில் தீ விபத்துக்காக நூறு வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. குளியலறைக்குப் போகும் லைனில் முப்பதுதான். கையைச் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறவருக்கு உங்கள் சர்வீஸ் எந்த டாரிஃப் என்று தெரியாது.

இரண்டு போல், 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ இரண்டாயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். முடிந்தவர்கள் இரண்டு ரூமுக்கு ஒன்றாகப் பிரித்து வையுங்கள். ஒரு கீசர் கெட்டால் விடுதி முழுக்க இருட்டாகாது, "டைரக்ட் பண்ணிடு" என்ற பேச்சும் வராது. வாளியில் ராடு போடுகிறவர்கள் அந்த ஒரு சாக்கெட் லைனுக்காவது போடுங்கள். ராடு ஓடும்போது தண்ணீரில் விரல் விட்டுச் சூடு பார்க்கும் பழக்கத்தைக் குழந்தைகள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே வாளியைத் தொடுங்கள்.

கொல்லிமலை அரசு ஐ.டி.ஐ.யில் படித்து வந்த, படித்துக்கொண்டிருக்கிற தம்பிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கம்பியாள் உதவியாளர் தேர்வுச் சான்றோ, லைசென்ஸிங் போர்டின் ஒயர்மேன் சான்றோ வாங்கிவிடுங்கள். சான்று இருந்தால் விடுதிக்காரர் அவசரப்படுத்தும்போது மறுத்துப் பேசத் தெம்பு வரும். "இன்னைக்கு மட்டும் டைரக்ட் கொடுத்துட்டுப் போ தம்பி, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அந்த ரூம் லைனை மட்டும் எம்.சி.பி.யில் இறக்கி டேப் ஒட்டிவிட்டு, மற்ற ரூம்களை ஓடவிடுங்கள். ஐயா, அண்ணா என்று மரியாதையாகவே மறுக்கலாம்.

விடுதிக்காரர்களே, அந்தக் கருவியில் 'டி' என்று எழுதிய பட்டன் ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை, ரூம் காலியாக இருக்கும் நாளில் அதை அழுத்துங்கள். இறங்கினால் பிரேக்கருக்கு உயிர் இருக்கிறது. தூக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். பட்டன் எர்த் குழியைச் சோதிப்பதில்லை, அதை வருடத்துக்கு ஒருமுறை கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். பட்டனை அழுத்தியும் இறங்கவில்லை என்றால், புதுசு மாற்றும்வரை கீசர் எதையும் போட வேண்டாம். ரூமில் கெஸ்ட் இருந்தால் அடுப்பில் தண்ணீர் வைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மலையடிவாரத்தில் வயரிங் வேலை பார்க்கும் உங்களில் ஒருவன்